பானெட்டுக்குள் எந்தப் பெயிண்ட்? – பழைய கார் கேள்வி பதில்

கேள்வி: என் தாத்தா 1967-இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. இன்ஜினை இறக்கி வைத்திருக்கிறோம். பானெட்டின் உட்புறத்துக்கும் இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளுக்கும் வெப்பம் தாங்கும் கருப்புப் பெயிண்டைத்தான் அடிக்க வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். பெயிண்ட் கடையிலோ டியூகோ என்னும் பழைய வகை கார் பெயிண்டே போதும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. வெப்பத்தை எண்ணி அஞ்சுவது இயல்புதான்; ஆனால் எந்த இடம் எவ்வளவு சூடாகிறது என்று பிரித்துப் பார்த்தால் அந்த அச்சத்துக்குப் பெரிதாக இடமில்லை. இன்ஜினின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும் என்றாலும், அதிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கும் தகடு, சித்திரை வெயிலில் வண்டி நெரிசலில் சிக்கி நின்றாலும், 100 டிகிரியை எட்டுவது அரிது. தொழிற்சாலைகளில் காரின் மேற்பூச்சையே 120 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில்தான் உலர்த்துகிறார்கள் என்பதால், நல்ல பாடி பெயிண்டுக்கு இந்தச் சூடு ஒரு பொருட்டல்ல. வெப்பம் தாங்கும் சிலிகோன் பெயிண்டோ பெரும்பாலும் 200 டிகிரி அளவுக்குச் சூடேறிய பிறகே முழுமையாக இறுகும். அந்தச் சூட்டைக் காணாத தகட்டில் அது கடைசிவரை மென்மையாகவே இருந்து, பெட்ரோல் நனைந்த துணி பட்டவுடன் கையோடு வந்துவிடும்.

ஆகவே எவ்வளவு சூடாகும் என்பதை விட, மேலே என்ன விழும் என்பதைக் கொண்டே இங்கே பெயிண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்ரோல், இன்ஜின் ஆயில், பேட்டரி அமிலம், எல்லாவற்றையும் விடக் கொடியதான பிரேக் ஆயில் ஆகிய நான்கையும் தாங்குவதே இந்த இடத்துப் பெயிண்டின் வேலை. டியூகோ, அதிலுள்ள தின்னர் பறந்துபோவதால் மட்டுமே உலர்கிறது. உள்ளே வேதிமாற்றம் எதுவும் நிகழ்வதில்லை. எனவே எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் தின்னர் பட்டால் மீண்டும் கரையும், பிரேக் ஆயில் சொட்டினால் உரியும். வெளிப்புறத்தில் டியூகோவின் பளபளப்புக்கு ஈடில்லை என்று கருதுவோருடன் எனக்குச் சண்டையில்லை. பானெட்டுக்குள் அதற்கு இடமில்லை.

உங்கள் காருக்கு நான் பரிந்துரைப்பது, துரு முழுவதும் நீக்கிய வெறுந்தகட்டின் மேல் ஹார்டனர் (பெயிண்டை இறுகச் செய்யும் திரவம்) கலந்து அடிக்கும் எப்பாக்ஸி பிரைமரும், அதன் மேல் ஹார்டனர் கலந்த பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டும் ஆகும். எப்பாக்ஸி தகட்டை நன்றாகப் பற்றிக்கொண்டு ஈரத்தை உள்ளே விடாமல் தடுக்கும், பி.யூ. ஒரு வாரத்தில் முழுமையாக இறுகிய பின் பெட்ரோலையும் ஆயிலையும் தாங்கும். செலவைக் குறைக்க ரெட் ஆக்சைடை அடியில் பூசிவிட்டு மேலே பி.யூ. அடிக்கலாம் என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து இணங்காதீர்கள். மேற்பூச்சின் கடுமையான தின்னர் கீழேயிருக்கும் ரெட் ஆக்சைடைக் கிளப்பி, பெயிண்ட் முழுவதும் சுருங்கி எழுந்துவிடக்கூடும்.

ஹெரால்டில் மட்டும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1960-களில் சென்னையில் தயாரான இந்தக் காரில், பானெட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கின்றன. பிற கார்களில் மறைந்துகிடக்கும் உட்புறம் முழுவதும் இதில் வெளிச்சத்துக்கு வந்துவிடும் என்பது ஒருபுறமிருக்க, முன் சக்கரங்கள் எறியும் கல்லும் சேறும் அந்தப் பானெட்டின் உட்புறத்தையே நேராகத் தாக்குகின்றன. அங்கே பிரைமருக்கும் மேற்பூச்சுக்கும் இடையில் கல்லடி தாங்கும் கோட்டிங் ஒன்றை அடிப்பது நலம். ஆனால் அது மேலே பெயிண்ட் ஏற்கும் வகையாக இருக்க வேண்டும், தார் கலந்ததாக இருக்கக் கூடாது. பிரேக், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்கள், இன்ஜினுக்கும் பயணிகள் இருக்கும் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டின் மேலேயே அமர்ந்திருப்பதால், அவற்றின் கீழே பெயிண்ட் உரிந்து துருவேறியிருப்பதைப் பெரும்பாலான ஹெரால்டுகளில் காணலாம். புதிய பெயிண்ட் எதுவாயினும், சிலிண்டர்களின் வாஷர்களை மாற்றாமல் அடித்தால் பணம் வீண். வழக்கமான டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் நீரில் கரையும் என்பதால், சிந்தியவுடன் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துணியால் தேய்த்துப் பரப்பாதீர்கள்.

அதே தடுப்புத் தகட்டிலுள்ள பேட்டரிப் பெட்டியின் அடித்தளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். ஓட்டை விழுந்தால் முதலில் வெல்டிங் வேலைதான். நல்ல தகடாக இருந்தாலும், அமிலம் ஊறிய இடத்தைச் சமையல் சோடா கரைத்த நீரால் நுரை அடங்கும்வரை கழுவாமல் பிரைமர் அடித்தால், அதன் அடியில் அமிலம் தன் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

கழுவும் நீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாலாற்றங்கரை ஊர்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த நீரில் கழுவிக் காயவிட்ட தகட்டில் படியும் உப்பு, பெயிண்டுக்கு அடியில் இருந்துகொண்டு ஈரத்தை இழுத்துச் சில மாதங்களில் கொப்புளங்களை எழுப்பும். கடைசிக் கழுவலுக்கு மட்டுமாவது கேன் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். பட்டி பார்த்த இடங்களை நீர் தொடாமல் உலர்ந்த உப்புத்தாளால் மட்டுமே தேயுங்கள், ஏனெனில் பட்டி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு அப்படியே பெயிண்ட் அடிக்கும் வழக்கமும் தவறு. அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலத்தின் மேல் எந்தப் பிரைமரும் ஒட்டாது.

நிறத்தில் காரின் வெளிப்புற நிறத்தையே உள்ளேயும் தொடருங்கள். சேஸிஸ் மட்டும் கருப்பாக இருக்கட்டும். எல்லாவற்றையும் கருப்பாக்கினால் அழுக்கு தெரியாது என்பது உண்மைதான், ஆனால் ஆயில் கசிவும் தெரியாது. பழைய பெயிண்டைச் சுரண்டுமுன், பானெட்டின் பூட்டுப் பிடிகளைக் கழற்றி, அவற்றின் மறைவில் தப்பியிருக்கும் தொழிற்சாலை நிறத்தைக் கண்டுபிடித்துக் கடையில் கலக்கச் சொல்லுங்கள். இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பொறித்த இடங்களைப் பெயிண்டால் நிரப்பிவிடாதீர்கள்; பதிவுச் சான்றைப் புதுப்பிக்கும்போது எண் தெளிவாகத் தெரிய வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத வாகனங்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யும் மத்திய அரசு விதி 2021-இல் வந்திருப்பதால், மூல நிறத்தைக் காப்பது உங்களுக்கு அந்த வகையிலும் உதவக்கூடும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பி.யூ. ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலை நிரந்தரமாகப் பாதித்து ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வீட்டு முற்றத்தில் அடிப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகக்கவசமும் காற்றோட்ட அறையும் உள்ள பட்டறையில் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்பாசிடர் காரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அடித்த பெயிண்ட் ஒரே மாதத்தில் உதிர்ந்துவிட்டது. அதற்காவது வெப்பம் தாங்கும் பெயிண்ட் சரியா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: அது வேண்டியது அந்த ஓரிடத்துக்குத்தான். 600 டிகிரி தாங்கும் அலுமினியப் பெயிண்டைக் கேட்டு வாங்குங்கள். 200 டிகிரி தாங்குவதும் அதே பெயரில் விற்கப்படுவதால் டப்பாவில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். உதிர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அடியில் அடித்த சாதாரணப் பிரைமராகவோ, தடிமனாகப் பூசியதாகவோ இருக்கும். வார்ப்பிரும்பைச் சாண்ட் பிளாஸ்டிங் செய்து, அன்றைக்கே, பிரைமர் எதுவும் இல்லாமல் இரண்டு மெல்லிய பூச்சுகள் கொடுங்கள். பிறகு இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்தி, ஆறவிட்டு, ஒவ்வொரு முறையும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முதலில் எழும் புகையைக் கண்டு அஞ்ச வேண்டாம். இன்ஜின் பிளாக்குக்கு இந்தப் பெயிண்ட் தேவையில்லை.

கேள்வி: பவுடர் கோட்டிங் செய்தால் எல்லாத் தொல்லையும் தீருமல்லவா?
– ஒரு வாசகர், இராணிப்பேட்டை

பதில்: கழற்றக்கூடிய சிறு பாகங்களுக்குத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் 180 முதல் 200 டிகிரி வரை அடுப்பில் வைக்க வேண்டியிருப்பதால், ரப்பர் புஷ், பட்டி, ஈயம் உள்ள பாகங்களை அனுப்பக் கூடாது. எர்த் வயர் பொருந்தும் இடத்தை மறைத்து அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எந்த மாதத்தில் பெயிண்ட் வேலையை வைத்துக்கொள்வது நல்லது?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: தை, மாசி. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் டியூகோவை வெளுக்கச் செய்யும், வெறுந்தகட்டையும் ஓரிரவில் துருவேற்றும். அக்னி நட்சத்திரத்திலோ ஸ்ப்ரே கன்னிலிருந்து கிளம்பிய பெயிண்ட் தகட்டைத் தொடுமுன்பே பாதி உலர்ந்து சொரசொரப்பாகப் படியும். கோடையில்தான் முடியும் என்றால், மெதுவாக உலரும் தின்னரைக் கேட்டு வாங்கி, தகடு கையால் தொடும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும் காலை நேரத்திலேயே அடித்து முடித்துவிடுங்கள்.