வாசகர் கேள்வி – பதில்: அலிட்டா வளர்ந்தாளா, ஓடினாளா?

கேள்வி: மகளுக்கு 15 வயது, அடுத்த வருடம் ஓ.எல். சோதனை. இரவில் போனை வைத்துக்கொண்டு 'பேட்டில் ஏஞ்சல் அலிட்டா' என்று ஒரு ஜப்பானிய மங்கா (சித்திரக்கதை) வாசிக்கிறாள். எட்டிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் வெட்டும் கொத்தும். கேட்டால் "அந்தப் பிள்ளை எப்படி வளருது என்று பாருங்கோ அம்மா" என்கிறாள். நிறுத்தச் சொல்லவா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: உங்கள் பயம் நியாயம்தான் அக்கா. சித்திரக்கதை என்றாலே சின்னப் பிள்ளைகளுக்கானது என்று நினைத்துவிடுகிறோம், ஆனால் யுகிட்டோ கிஷிரோ இதை 1990 முதல் 1995 வரை வரைந்தது 'பிசினஸ் ஜம்ப்' என்ற இதழில், அது வளர்ந்த ஆண்களுக்கான இதழ். தலை துண்டாவது, முதுகெலும்பை உருவுவது எல்லாம் இதில் அன்றாடம். 15 வயதுக்குக் கொஞ்சம் கனம், மழுப்ப மாட்டேன். ஆனாலும் போனைப் பறிக்க முன் முதல் பாகத்தை நீங்களே ஒருமுறை வாசியுங்கள்.

ஸாலெம் என்ற நகரம் வானத்தில் தொங்குகிறது, அது கொட்டுகிற குப்பை கீழே மலையாய்க் குவிகிறது, அந்தக் குப்பையைக் கிண்டி ஒரு ஊரே பிழைக்கிறது. (மீதொட்டமுல்ல குப்பைமேடு 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று வீடுகள் மேல் சரிந்ததைப் பார்த்த கொழும்புக்காரருக்கு இது பெரிய கற்பனையாகவே தோன்றாது.) அந்த மேட்டில் இடோ என்ற டாக்டர் ஒரு இயந்திரப் பெண்ணின் தலையையும் மார்பையும் கண்டெடுக்கிறார். மூளை உயிரோடு இருக்கிறது, ஞாபகம் மட்டும் இல்லை, தனக்கு எத்தனை வயது என்று அவளுக்கே தெரியாது. அவர் கை கால் பூட்டி, செத்துப்போன தன் பூனையின் பெயரை, அலிட்டா என்று, அவளுக்கு வைக்கிறார். அழகாக, இரத்தக் கறை படாமல், தான் நினைத்த மாதிரி அவள் இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. அவளோ ஒரு இரவு அவர் பின்னாலேயே போய், அவர் தலைக்கு விலை வைக்கப்பட்ட குற்றவாளிகளை வேட்டையாடிக் காசு வாங்குகிறவர் என்று கண்டுபிடித்து, நானும் அந்த வேலைக்கு வருவேன் என்று நிற்கிறாள். அவருக்கு வருகிற கோபம் இருக்கிறதே! அந்த இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள், கொஞ்சம் சிரிப்பும் வரும். அப்புறம் மகளோடு இருந்து கதையுங்கள். போனை மட்டும் பத்து மணிக்கு மேல் உங்கள் அறையில் வையுங்கள், அது மங்காவுக்காக இல்லை, நித்திரைக்காக.

கேள்வி: மகாக்கு என்ற வில்லன் மாதிரி ஒரு மிருகத்தையே எதிர்த்து நின்ற அலிட்டா, காதலன் யூகோ செத்ததும் இடோவை விட்டுவிட்டு மோட்டர்போல் என்ற சண்டைப் பந்தயம் விளையாடப் போய்விட்டாள். கதாசிரியர் பாத்திரத்தைக் கெடுத்துவிட்டார் என்று என் கூட்டாளிமார் சொல்கிறார்கள். உங்கள் அபிப்பிராயம்?
– மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: இன்னும் வாசிக்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போகலாம், எல்லாவற்றையும் உடைத்துவிடப் போகிறேன்.

கெடுக்கவில்லை தம்பி. எனக்கு இந்தக் கதை பிடித்ததே அந்த ஓட்டத்துக்காகத்தான். யூகோ யார்? எப்படியாவது ஸாலெமுக்குப் போகவேண்டும் என்று ஒரு கோடி சிப் (அந்த ஊர்க் காசு) சேர்க்கிற பெடியன், அதற்காக மற்றவர்களின் முதுகெலும்பைக் களவெடுத்து விற்கிறவன். அவன் தலைக்கு விலை விழுகிறது, அந்தத் தலையை எடுக்கவேண்டிய தொழிலில் இருப்பவள் அவனைக் காதலிக்கிறவள். அவள் அவனுடைய தலையைத் தன் உடம்போடு இணைத்து உயிரைப் பிடித்துக்கொண்டு இடோவிடம் ஓடுகிறாள், அவர் காப்பாற்றியும் விடுகிறார், அதற்குப் பிறகும் அவன் ஸாலெமுக்குப் போகிற குழாயில் ஏறி, அவள் கண்முன்னேயே விழுகிறான். அவளுக்குத் தெரிந்த அத்தனை சண்டை வித்தையும் அங்கே ஒரு சதத்துக்கு உதவவில்லை. செத்தவீடு நடந்து எட்டுச் செலவு முடிய முன்னமே "சரி, இனி மனதைத் தேற்றிக்கொள்" என்று சொல்கிற சொந்தக்காரர் மாதிரி உங்கள் கூட்டாளிமார் பேசுகிறார்கள்! அந்த வயதுப் பிள்ளை அடுத்த நாளே ஞானியாகிவிடுமா? மோட்டர்போலில் காலில் சில்லு, முன்னால் பாதை, பக்கத்தில் அடிக்க வருகிறவன், யோசிக்க நேரமே கிடையாது. அதற்காகத்தான் போகிறாள். இடோ தேடிக் கண்டுபிடித்தும் வீட்டுக்கு வருகிறாள் இல்லை. அங்கேதான் ஜாஷுகன் என்ற சம்பியனைச் சந்திக்கிறாள், நாட்கள் எண்ணப்பட்ட மனிதன் அவன், அவளைப்போல் எதையோ மறக்க ஓடாமல், மிச்சமிருக்கிற நேரத்துக்காக ஓடுகிறவன். இருவரும் ஒரே தடத்தில்தான் ஓடுகிறார்கள், அவனைப் பார்த்த பிறகுதான் தன் ஓட்டம் வேறு என்பது அவளுக்கு உறைக்கிறது.

இன்னொன்று. யூகோவைக் காக்கிற வேகத்தில் ஸபான் என்ற வேட்டைக்காரனின் முகத்தையே வெட்டி எடுத்தாளே, ஞாபகம் இருக்கிறதா? நானும் அந்த இடத்தில் கைதட்டினேன். வெட்டியவள் மறந்துவிட்டாள், வெட்டுப்பட்டவன் மறக்கவில்லை, பிறகு திரும்பி வந்து இடோவின் உயிருக்கே உலை வைக்கிறான். நாம் கைதட்டிய வெட்டுக்குக் கணக்கு வருகிறது. ஆளுக்கு ஆள் பலசாலியை அடித்துக்கொண்டே போகிற கதைகளில் இப்படிக் கணக்குக் கேட்கிறவர்கள் குறைவு.

குறை இல்லாமல் இல்லை. 9ஆம் பாகத்தின் முடிவு அவசரம் அவசரமாகக் கட்டிய பார்சல் மாதிரி. கிஷிரோவுக்கும் மனம் ஆறவில்லை போல, 2000இல் அந்த முடிவைத் தள்ளிவைத்துவிட்டு 'லாஸ்ட் ஓர்டர்' என்று தொடர்ந்தார்.

கேள்வி: கதாநாயகியின் பெயரைச் சிலர் 'கேலி' என்கிறார்கள், சிலர் 'அலிட்டா' என்கிறார்கள். எது சரி?
– வாசகி, தெகிவளை

பதில்: இரண்டும். ஜப்பானிய மூலத்தில் கேலி, ஆங்கிலத்துக்கு வந்தபோது அலிட்டா. தமிழில் முதல் பெயரை எழுதினால் யாரையோ நக்கல் அடிக்கிற மாதிரி விழுகிறது, அதனால் நான் இரண்டாவதோடு நின்றுகொண்டேன்.

கேள்வி: 2019இல் வந்த அலிட்டா படத்தைப் பார்த்துவிட்டேன். புத்தகமும் வாசிக்கவேண்டுமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: ஜேம்ஸ் கமரூன் தயாரித்து ராபர்ட் ரொட்ரிகஸ் இயக்கிய அந்தப் படம் கண்ணுக்கு நல்ல விருந்து. ஆனால் கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள்: மோட்டர்போல் அரங்கம், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, அவள் வாளை ஸாலெமை நோக்கி நீட்டுகிறாள், அது சபதம். புத்தகத்தில் அதே அரங்கத்துக்கு அவள் வந்தது வீட்டை விட்டு ஓடி. 3ஆம் பாகத்திலிருந்து தொடங்கினாலும் உங்களுக்குக் கதை பிடிபடும்.