கிராமத்து வீட்டில் பிராட்பேண்ட் போட்டாயிற்று: பிள்ளைகளும் பெரியவர்களும் உள்ள குடும்பத்தை இணையத்தில் எப்படிப் பாதுகாப்பது?

கும்பகோணத்தை அடுத்த கிராமத்தில் வீட்டுக்குப் பிராட்பேண்ட் இணைப்பு எடுத்திருப்பதாகவும், நான்காம் வகுப்பில் மகனும் ஒன்பதாம் வகுப்பில் மகளும் படிப்பதாகவும், பெற்றோரும் உடன் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளின் போனில் எந்தச் செயலியைப் போடுவது, காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள். என் வீடு மன்னார்குடிப் பக்கம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னைக் கேட்டால், பிள்ளைகளின் போனை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். இன்று உங்கள் அப்பாவின் போனை வாங்கிப் பாருங்கள்.

காரணம் எளிது. சம்பா அறுவடை முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டால், பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய், மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம் ஆகிய அனைத்துக்கும் உரிய குறுஞ்செய்திகள் வீட்டுப் பெரியவர்களின் போனுக்கே வருகின்றன. ஒரு போகத்தின் மொத்த வருமானத்துக்கும் சாவியாக இருக்கும் அந்தப் போனில் பெரும்பாலும் திரைப்பூட்டுக்கூட இருக்காது. பேரன் விளையாடுவதும் அதே போனில்தான். பிள்ளைகளுக்கு வரும் ஆபத்து சிறியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே இரவில் குடும்பத்தைக் கடனில் தள்ளக்கூடிய ஆபத்து இந்தப் பக்கத்திலிருந்து வருகிறது.

அது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக, அதாவது பிளே ஸ்டோர் இல்லாமலே செயலியை நிறுவும் கோப்பாக வருகிறது. பி.எம். கிசான் தவணைக்குப் பதிவு செய்ய, கல்யாணப் பத்திரிகையைப் பார்க்க, போக்குவரத்து அபராத ரசீதைத் திறக்க, வங்கிக் கணக்கின் கேஒய்சியை (அடையாள விவரங்களை) புதுப்பிக்க என்று அதற்கு ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பெயர் இருக்கும். தெரிந்தவர் ஒருவரின் எண்ணிலிருந்தே வருவதும் உண்டு. அவருடைய போன் ஏற்கெனவே சிக்கியிருக்கும். அதைத் தொட்டு நிறுவினால், குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு, வங்கி அனுப்பும் ஓடிபியைத் தானே எடுத்து மோசடிக்காரருக்கு அனுப்பிவிடும். "நான் யாரிடமும் ஓடிபி சொல்லவில்லையே" என்று பணத்தை இழந்தவர்கள் திகைப்பதற்குக் காரணம் இதுதான். ஓடிபியைச் சொல்லாதீர்கள் என்று பெரியவர்களுக்கு மனப்பாடம் செய்து வைத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த வகை மோசடியில் அந்தப் பாடம் உதவாது.

உதவக்கூடியது போனின் அமைப்புகளில் இருக்கிறது. அறியப்படாத செயலிகளை நிறுவும் அனுமதி என்று தேடினால் ஒரு பட்டியல் வரும். அதில் வாட்ஸ்அப், குரோம், கோப்பு மேலாளர் ஆகிய மூன்றுக்கும் அனுமதியை நிறுத்திவிடுங்கள். பிளே ஸ்டோருக்குள் தீங்கான செயலிகளைக் கண்டுபிடிக்கும் பிளே புரொடெக்ட் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே எந்தெந்தச் செயலிகளுக்குக் குறுஞ்செய்தி அனுமதியும், திரையில் உள்ளதைப் படித்துப் போனை இயக்கவும் விடும் அணுகல்தன்மை அனுமதியும் இருக்கின்றன என்றும் பாருங்கள். டார்ச் லைட் செயலிக்குக் குறுஞ்செய்தியைப் படிக்க என்ன வேலை?

இதைவிடவும் நான் பெரிதாக நம்புவது வங்கிக் கணக்கைப் பிரித்து வைப்பதை. நெல் பணமும் சேமிப்பும் வரும் கணக்கில் யுபிஐ, நெட் பேங்கிங், ஏடிஎம் அட்டையின் இணையப் பயன்பாடு எதுவும் வேண்டாம். நேரில் கிளைக்குப் போய் எடுக்கும் கணக்காக அது இருக்கட்டும். தினசரிச் செலவுக்கு வேறொரு கணக்கைத் திறந்து, அதில் மட்டும் யுபிஐயை இணைத்து, அவ்வப்போது சில ஆயிரங்களை மாற்றிக்கொள்ளலாம். மதகு வைத்துத்தானே வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிறோம். பணத்துக்கும் அப்படி ஒரு மதகு இருந்தால், பெரும்பாலான மோசடிகள் அந்தச் சில ஆயிரங்களோடு நின்றுவிடும். என் மாமனார் முதலில் முணுமுணுத்தார். வங்கிக்குப் போவது அவருக்கு நண்பர்களைப் பார்க்கும் வழியும் ஆனதால் இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் ஆதார் வழிப் பரிவர்த்தனைக்கு ஓடிபியே தேவையில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆதாரின் அதிகாரபூர்வச் செயலியில் கைரேகையையும் கருவிழியையும் பூட்டி வைக்கலாம். ஆனால் பூட்டியபடியே ரேஷன் கடைக்குப் போனால் அங்கும் ரேகை ஏற்காது. போகும் முன் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். இந்தத் தொல்லை எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது தொலைபேசி அழைப்பு. மின் கட்டணம் கட்டாததால் இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்ற செய்தி, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்ற மிரட்டல், காவல் சீருடையில் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்து டிஜிட்டல் கைது செய்திருப்பதாகச் சொல்வது என்று இவற்றுக்குப் பல வேடங்கள். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று எதுவும் கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே மனதின் குரல் நிகழ்ச்சியில் இதைச் சொல்லி எச்சரித்தார். ஓய்வூதியம் பெறும் ஆசிரியர்களும் அலுவலர்களும்கூட இதில் சிக்குகிறார்கள் என்பதால், படிப்பறிவு இதற்குக் காப்பு என்று எண்ண வேண்டாம். இப்படி மிரட்டும் அழைப்புகளில் பெரும்பாலானவற்றின் அடையாளம், வேறு யாரிடமும் பேசக் கூடாது என்று கட்டளையிடுவது. ஆகவே எங்கள் வீட்டில் ஒரே விதி: யாரிடமும் சொல்லாதே என்று எவன் சொன்னாலும், உடனே போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும்.

வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளுக்கு இன்னொன்று உண்டு. "போன் தொலைந்துவிட்டது, இது புது எண், அவசரமாகப் பணம் வேண்டும்" என்று மகனின் படத்தோடு செய்தி வரும். இப்போது குரலையும் போலியாக உருவாக்க முடிகிறது. அதனால் என் கணவரோடு பேசி, குடும்பத்தாருக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்வி ஒன்றை வைத்திருக்கிறோம். அதன் விடை குலதெய்வத்தின் பெயராகவோ பிறந்த ஊராகவோ இருக்கக் கூடாது. அவையெல்லாம் ஃபேஸ்புக்கிலேயே கிடைத்துவிடும். எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 6 இலக்கப் பின் ஒன்றை அமைத்துவிட்டால், கணக்கே பறிபோகும் வாய்ப்பும் குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போய்விட்டால் செய்ய வேண்டியதை இப்போதே எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் தினசரி நாட்காட்டியின் அட்டையில் 1930 என்று மார்க்கரால் பெரிதாக எழுதியிருக்கிறது. இது சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். சீக்கிரம் அழைத்தால், பணம் கைமாறிப் போவதற்குள் இடையிலுள்ள கணக்குகளை முடக்க வாய்ப்புண்டு. சிக்கிய போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, வேறு போனிலிருந்து 1930க்கும் வங்கிக்கும் பேச வேண்டும். பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகாரைப் பதிந்து, கிடைக்கும் புகார் எண்ணோடு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போகலாம். வங்கிக்கு உடனே தெரிவிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, தவறு உங்களுடையதாகவும் வங்கியுடையதாகவும் இல்லாதபோது, வங்கியின் அறிவிப்பு வந்த 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு உங்கள் தலையில் விழாது. ஓடிபியையோ பின்னையோ நீங்களே கொடுத்திருந்தால், நீங்கள் தெரிவிக்கும் வரையிலான இழப்பு உங்களுடையது.

சிட்டா, அடங்கல், ஆதார் நகல்களைப் பிரவுசிங் சென்டரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி அச்செடுக்கும் பழக்கத்தைப் பற்றி ஒரு வரி: முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை எங்கெல்லாம் ஏற்கிறார்களோ அங்கெல்லாம் அதையே கொடுங்கள், கடைக் கணினியில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்திருந்தால், இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதிக்குப் போய் வெளியேறிவிட்டு வாருங்கள்.

இனி பிள்ளைகள். மகனுக்குத் தாத்தாவின் கணக்கையோ உங்கள் கணக்கையோ கொடுக்காமல், அவனுடைய உண்மையான பிறந்த தேதியில் தனிக் கூகுள் கணக்கு தொடங்கி, பிள்ளைகளின் போனைப் பெற்றோர் மேற்பார்வையிட உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க்கில் இணைத்துவிடுங்கள். இலவசமான இந்தச் செயலியில் நேர வரம்பு வைக்கலாம். புதிய செயலி எதையும் உங்கள் ஒப்புதல் இல்லாமல் அவன் பிளே ஸ்டோரிலிருந்து இறக்க முடியாது. ஆனால் விளையாட்டுக்குள் முகம் தெரியாதவர்கள் அவனோடு அரட்டை அடிப்பதை அது காட்டாது. அதைப் பார்க்க ஒரே வழி, அவன் கூடத்தில் உட்கார்ந்து விளையாடுவதுதான். ரௌட்டரில் டிஎன்எஸ் முகவரியை (தளங்களின் பெயரைக் கொண்டு அவற்றைத் தேடித் தரும் சேவையின் முகவரியை) 1.1.1.3 என்றும் 1.0.0.3 என்றும் மாற்றினால், கிளவுட்ஃப்ளேரின் வடிகட்டி ஆபாசத் தளங்களையும் தீங்கான தளங்களையும் பெருமளவு தடுக்கும். மொபைல் டேட்டாவுக்கு மாறிய உடனே அந்தத் தடை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மகளின் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன்: அவளுக்குத் தெரியாமல் அவள் போனில் உளவுச் செயலி எதையும் போடாதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒரு நாளில் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். அதன் பின் எதையும் உங்களிடம் சொல்ல மாட்டாள். இன்ஸ்டாகிராமில் கணக்கு வேண்டும் என்று கேட்டால், உண்மையான வயதோடு தொடங்கச் சொல்லுங்கள். பதின்வயதினரின் கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும், தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. வயதைக் கூட்டிப் போட்டால் இந்தக் காப்பு எல்லாம் போய்விடும். படத்தை மாற்றி ஒட்டி மிரட்டுபவர்கள் நம்பியிருப்பது ஒன்றைத்தான்: வீட்டில் தெரிந்தால் போனைப் பிடுங்குவார்கள், படிப்பை நிறுத்துவார்கள், தெருவில் பேசுவார்கள் என்று அவள் பயப்படுவாள். சொன்னால் போனைப் பிடுங்க மாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள்; கொடுத்தால் காப்பாற்றுங்கள். அப்படி ஏதாவது நடந்தால் பணம் கொடுக்காதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள். திரைப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ 1930க்கோ அழையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களை முன்பு சொன்ன சைபர்கிரைம் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை, 18 வயதுக்கு உட்பட்டவர்களின் அந்தரங்கப் படங்கள் சமூக ஊடகங்களில் பரவாமல் தடுக்க உதவுகிறது. படம் உங்கள் போனை விட்டுப் போவதில்லை, அந்தப் படத்திலிருந்து கணக்கிடப்படும் எண்ணடையாளம் மட்டுமே போகிறது.

ரௌட்டரைப் பொறுத்தவரை, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொற்களை மாற்றுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் கேட்டால் விருந்தினருக்கென்று ரௌட்டரில் தனியாக அமைக்கும் இணைப்பைக் கொடுங்கள். அதில் அவன் என்ன செய்தாலும் இணைப்பு உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஆன்டிவைரஸ்: போனுக்குக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தைப் பழைய போனை மாற்றுவதற்கு ஒதுக்குங்கள். அமைப்புகளில் ஆண்ட்ராய்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு என்ற இடத்தில் ஒரு தேதி இருக்கும்; உங்கள் அப்பாவின் போனில் அது சில ஆண்டுகள் பழையதாக இருந்தால், புதுப் போன் வாங்கும் வரை வங்கிச் செயலியையும் யுபிஐ செயலியையும் அதிலிருந்து நீக்கி வையுங்கள்.