எதையும் விற்காத ஊட்டச்சத்துத் தகவல் எங்கே கிடைக்கும்?

கேள்வி: வைட்டமின் டி ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை என்று இணையத்தில் தேடினேன். திறந்த பக்கமெல்லாம் கடைசியில் ஏதோ ஒரு மாத்திரையை வாங்கச் சொல்லித்தான் முடிகிறது. வியாபார நோக்கம் இல்லாத, நம்பிப் படிக்கக்கூடிய தகவல் எங்கே கிடைக்கும்?

பதில்: நீங்கள் கேட்ட வைட்டமின் டியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வைட்டமின் மாத்திரை போன்ற உணவுத் துணைப்பொருட்களுக்கென்றே தனி அலுவலகம் இருக்கிறது. அரசுப் பணத்தில் நடப்பது, அதனிடம் விற்பதற்கு எதுவும் கிடையாது. ஒவ்வொரு வைட்டமினுக்கும் தாது உப்புக்கும் தகவல் தாள் போட்டிருக்கிறார்கள். பொதுமக்களுக்கு எளிமையாக ஒன்று, மருத்துவத் துறையினருக்கு விரிவாக ஒன்று. அதில் வைட்டமின் டிக்கு 19 முதல் 70 வயது வரை நாளொன்றுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது 600 ஐ.யு. (சர்வதேச அலகு) என்று இருக்கும். கூடவே, பெரியவர்களுக்கு உச்ச வரம்பு 4,000 ஐ.யு. என்றும் இருக்கும்.

இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். எவ்வளவு வேண்டும் என்று சொல்பவர், எவ்வளவுக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறாரா? யாருக்கு இது தேவையே இல்லை என்று சொல்கிறாரா? விற்க வந்தவருக்கு இதையெல்லாம் சொல்ல மனம் வராது.

‘இதைச் சாப்பிட்டால் பலன் உண்டா’ என்பது உங்கள் கேள்வியானால் காக்ரேன் அமைப்புக்குப் போங்கள். 1993-இல் தொடங்கியது; ஒரு விஷயத்தைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோடுகிறது, அந்த வேலைக்கு வணிக நிறுவனங்களின் பணத்தை வாங்குவதில்லை. சாதாரண வாசகருக்கான சுருக்கமும் இருக்கும். ஓர் உணவில் எவ்வளவு புரதம், எவ்வளவு இரும்புச்சத்து என்று பார்க்க அமெரிக்க வேளாண்மைத் துறையின் ‘ஃபுட்டேட்டா சென்ட்ரல்’ போதும். உப்பு, சர்க்கரை வரம்புகளுக்கு உலக சுகாதார நிறுவனம். தேடும்போது இந்தப் பெயர்களையும் சேர்த்துத் தட்டச்சு செய்தால் விளம்பரக் கூட்டம் பெருமளவு விலகிவிடும்.

டாட் ஆர்க் என்று முடியும் முகவரியை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள், யார் வேண்டுமானாலும் அதை வாங்கலாம்.

ஆய்வுக் கட்டுரை என்றாலும் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கத்தான் வேண்டும். 1967-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை ஒன்று, இதய நோயில் சர்க்கரையின் பங்கைக் குறைத்துக் காட்டி, கொழுப்பை முன்னே நிறுத்தியது. அதற்குச் சர்க்கரைத் தொழில் அமைப்பு பணம் கொடுத்திருந்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பழைய கடிதங்களைத் தோண்டியெடுத்த ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. இன்று பெரும்பாலான இதழ்களில் நிதி உதவி யாருடையது, யாருக்கு என்ன ஆதாயம் என்ற குறிப்பு கட்டுரையின் முடிவில் இருக்கும். நிறுவனப் பணத்தில் நடந்ததெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. வேறு பணத்தில் நடந்த ஆய்வும் அதையே சொல்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

அப்புறம், சதவீதங்கள். பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்னது. உண்மையான தகவல்தான். ஆனால் படித்தவுடன், நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு நோய் வரும் என்றுதான் மனம் எடுத்துக்கொள்கிறது. வாழ்நாளில் நூறு பேரில் ஐந்து பேருக்கு அந்த நோய் வரும் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீதம் கூடும்போது அது ஏறக்குறைய ஆறு பேர் ஆகும். எதிலிருந்து எவ்வளவு கூடியது என்று சொல்லாத சதவீதத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

நீங்கள் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் ஒன்று. நான் சொன்ன தகவல் தாள்களில், எந்த மருந்தோடு எது சேரக்கூடாது என்ற பகுதி உண்டு. உதாரணமாக, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் வைட்டமின் கே அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அந்தப் பகுதியைப் படித்து, உங்கள் மருந்தின் பெயர் இருந்தால், எதையும் வாங்கும் முன் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.