வெள்ளை யானைக்கு யார் தீனி போடுவது?

கேள்வி: காசை விழுங்கிவிட்டு ஒன்றுக்கும் உதவாமல் நிற்கும் கட்டடத்தை ஆங்கிலப் பத்திரிகைகள் 'வைட் எலிபன்ட்' என்கின்றன. இந்திரனின் ஐராவதம் வெள்ளை. சுந்தரர் கயிலைக்குப் போனதும் வெள்ளை யானையில்தான். இவ்வளவு மங்கலமான பிராணி எப்படி வசைச்சொல் ஆனது?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: மங்கலமாக இருந்ததுதான் வினை, அம்மா. தாய்லாந்து சயாமாக இருந்த காலத்தில் வெள்ளை யானை அரசனுக்கே உரியது. புத்தரின் தாய் மாயாதேவியின் கனவில் வந்த யானையல்லவா, வெசாக் பந்தல்களில் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் பாரம் ஏற்றக் கூடாது, அதை விற்கக் கூடாது, தீனியும் குறையக் கூடாது. ஒரு பிரபுவைக் கவிழ்க்க நினைத்தால் அரசன் அவனுக்கு ஒரு வெள்ளை யானையைப் பரிசளிப்பானாம். தீனி போட்டே அவன் ஓட்டாண்டி ஆவானாம். ஆங்கிலேயர் இப்படிச் சொல்லித் திரிந்த கதையிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது.

கதையை நான் நம்பவில்லை. 1563இல் பர்மிய அரசன் பயின்னௌங் இரண்டு வெள்ளை யானைகளைக் கேட்டான். சயாமின் அன்றைய தலைநகரான அயுத்தியாவின் அரசன் மறுத்தான். அதையே சாக்காக வைத்துப் படை வந்தது. போரே வந்தாலும் கொடுக்க மனம் வராத பொருளைக் கொண்டுபோய் பிடிக்காதவன் வாசலில் கட்டுவார்களா?

நிறமும் பாதிப் பொய். சாம்பலும் இளஞ்சிவப்புமாகத்தான் இருக்கும். 1884இல் அமெரிக்க சர்க்கஸ்காரர் பார்னம் பர்மாவிலிருந்து ஒன்றை வரவழைத்தார். பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். போட்டிக் கம்பெனிக்காரர் தன் யானைக்கு வெள்ளையடித்தே விட்டார்!

'யானையைக் கட்டித் தீனி போடுவது' என்று நாம் சொல்வதும் இதைத்தான். ஆனால் ஆங்கிலச் சொல்லில் ஒரு கூடுதல் இக்கட்டு உண்டு: வேண்டாம் என்று சொல்ல முடியாத கை கொடுத்த யானை அது. எனக்கும் ஒன்று வாய்த்தது. கனடா போகும்போது அத்தான் தன் பழைய குட்டிக் காரை என்னிடம் தந்துவிட்டுப் போனார். மழை பெய்தால் ஸ்டார்ட் ஆகாது. கார்பரேட்டருக்கு ஒரு வாஷர் தேடிப் பஞ்சிகாவத்தையில் மூன்று சனிக்கிழமை அலைந்தேன். பிளாட்டில் நிறுத்த மாதக் காசு வேறு. சரி, விற்றுவிடலாம் என்றால், ஞாயிறுதோறும் தொலைபேசியில் அத்தானின் முதல் கேள்வியே "தம்பி, கார் எப்படி?" என்பதுதான்.

"நல்லாச் சாப்பிடுது, அத்தான்" என்றேன் போன வாரம்.