கோகோ விலையும் குவாமே நிக்ரூமாவும்: கேள்வி பதில்

மேற்கு ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்ட் என்றிருந்த பிரிட்டிஷ் காலனியை 1957-இல் கானா என்ற சுதந்திர நாடாக்கியவர் குவாமே நிக்ரூமா. 1966-இல் ராணுவப் புரட்சியில் பதவி இழந்தார். அவரைப் பற்றிக் கேட்கப்பட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், பிறந்த வருடம் ஒரு புத்தகத்தில் 1909, இன்னொன்றில் 1912. தேர்வில் எதை எழுதுவது?

1909 செப்டம்பர் 21 என்று எழுதுங்கள். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் உத்தேசமாகப் பதிந்த தேதி அது. தாயார் வைத்திருந்த கணக்கு 1912. இதில் ஒரு சிக்கலும் உண்டு. அவர் பிறந்த அக்கான் இன மக்களிடம் பிறந்த கிழமையே பெயராகும்; சனிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளைதான் குவாமே. ஆனால் 1909 செப்டம்பர் 21 செவ்வாய்க்கிழமை. அதனால் 18-ஆம் தேதி சனிக்கிழமைதான் பொருந்தும் என்று அவரே பின்னாளில் கணக்குப் போட்டார்.

கேள்வி: அமெரிக்காவில் பத்து வருடம், லண்டனில் இரண்டு வருடம். 1947 டிசம்பரில் ஊர் திரும்பியவர் மூன்றே வருடத்தில் எப்படி மக்கள் தலைவரானார்?

அவரைக் கூப்பிட்டது வக்கீல்களும் வியாபாரிகளும் நடத்திய ஒரு கட்சி, ஐக்கிய கோல்டு கோஸ்ட் மாநாடு. செயலாளராக இருக்கத்தான் அழைத்தார்கள். அப்போது நாட்டில் மூன்று கோபங்கள் ஒன்றாகப் புகைந்துகொண்டிருந்தன.

முதலாவது, இறக்குமதித் துணி, டின் சாமான்களின் விலை. 1948 ஜனவரியில் ஐரோப்பியக் கடைகளை மக்கள் புறக்கணித்தார்கள். இரண்டாவது, பர்மாவில் பிரிட்டனுக்காகப் போரிட்டுத் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலையும் இல்லை, சொன்ன பணமும் வரவில்லை. மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது கோகோ மரங்களை அரசு வெட்டியது. கோகோவில் தண்டு வீக்க நோய் என்று ஒன்று உண்டு. வைரஸால் வருவது, மாவுப்பூச்சி பரப்புவது. மருந்து கிடையாது. நோய் கண்ட மரத்தை வெட்டி எறிவது ஒன்றே வழி. ஆனால் நோய் வந்த மரமும் ஓரிரு வருடம் காய்க்கும். தனக்குக் காய் தரும் மரத்தை அரசாங்க ஆள் வந்து வெட்டினால் விவசாயி எப்படிப் பொறுப்பார்?

1948 பிப்ரவரி 28 அன்று தலைநகர் அக்ராவில் மனு கொடுக்க ஊர்வலம் போன முன்னாள் சிப்பாய்கள் மேல் போலீஸ் சுட்டது. மூவர் இறந்தனர். ஊர் பற்றி எரிந்தது. நிக்ரூமா உட்பட ஆறு தலைவர்களைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். வக்கீல்கள் ‘கூடிய விரைவில்’ சுயாட்சி என்றார்கள். இவர் ‘இப்போதே’ என்றார். 1949 ஜூன் 12 அன்று தனியாகப் பிரிந்து மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தொடங்கினார். சந்தைப் பெண்கள், பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்கள், லாரி ஓட்டுநர்கள் என்று அதுவரை எந்தக் கட்சியும் மதிக்காதவர்களெல்லாம் அவர் பின்னால் வந்தார்கள்.

கேள்வி: ஜெயிலில் இருந்தபடியே தேர்தலில் ஜெயித்தார் என்கிறார்களே. தண்டனை பெற்றவர் எப்படிப் போட்டியிட முடிந்தது?

நல்ல கேள்வி. ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட தண்டனை பெற்றவர் வாக்காளர் பட்டியலில் சேர முடியாது என்பது அன்றைய விதி. 1950 ஜனவரி 8-இல் தொடங்கிய ‘நேர்மறைச் செயல்’ வேலைநிறுத்தத்துக்காக இவருக்குக் கிடைத்தது மொத்தம் மூன்று ஆண்டுகள். ஆனால் அது மூன்று தனித்தனி ஓராண்டுத் தண்டனைகள். எந்த ஒன்றும் ஓர் ஆண்டைத் தாண்டவில்லை. அந்த இடைவெளியில் நுழைந்து பெயரைப் பதிந்தார். சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் பென்சில் துண்டால் குறிப்பெழுதிக் கட்சிக்கு அனுப்பினார். 1951 பிப்ரவரியில் அக்ரா மத்தியத் தொகுதியில் பதிவான 23,122 வாக்குகளில் 22,780 அவருக்கே. தேர்ந்தெடுக்கப்பட்ட 38 இடங்களில் கட்சிக்கு 34. கவர்னர் ஆர்டன்-கிளார்க் அவரை விடுவித்து ஆட்சியில் பங்கெடுக்க அழைத்தார்.

கேள்வி: விடுதலைக்கு முன்பே குமாசியில் அவருக்கு எதிராகக் கலவரம் நடந்தது ஏன்? இனப் பிரச்சினையா?

குமாசி அசாந்தி மக்களின் பழைய தலைநகர். அவர்களுடைய மன்னர் மரபின் தன்மானம் அதில் இருந்தது உண்மை. ஆனால் நெருப்பு வைத்தது விலை. கணக்கைப் பாருங்கள்.

கோகோவை விவசாயி ‘சுமை’ கணக்கில் விற்பார். ஒரு சுமை 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ. 1954 ஆகஸ்டில் அரசு சுமைக்கு 72 ஷில்லிங் என்று நான்கு ஆண்டுகளுக்கு விலையைக் கட்டியது. ஒரு பழைய டன்னுக்கு (2,240 பவுண்டு எடை) 37 சுமைக்குச் சற்று மேல். 20 ஷில்லிங் ஒரு ஸ்டெர்லிங் பவுண்டு. ஆகவே விவசாயி கையில் டன்னுக்கு ஏறத்தாழ 134 ஸ்டெர்லிங். அதே வருடம் உலகச் சந்தையில் டன் 400 ஸ்டெர்லிங்கைத் தாண்டிப் போனது. மிச்சத்தில் பெரும்பகுதி அரசின் கைக்கு.

அரசு சொன்ன காரணத்திலும் நியாயம் உண்டு. அவ்வளவு பணமும் ஊருக்குள் இறங்கினால் சாமான் விலை ஏறும். பள்ளி, சாலை, துறைமுகம் கட்டப் பணமும் வேண்டும். ஆனால் தேர்தல் முடிந்த கையோடு, கேட்காமல் கொள்ளாமல் சட்டம் போட்டதுதான் தவறாகப் போனது. செப்டம்பரிலேயே குமாசியில் அவரை எதிர்த்துத் தேசிய விடுதலை இயக்கம் என்ற கட்சி பிறந்தது. குண்டு வெடிப்பு, கத்திக்குத்து என்று இரண்டு வருடம் ஓயவில்லை. அதனால் பிரிட்டன் 1956-இல் இன்னொரு தேர்தல் வேண்டும் என்றது. 104 இடங்களில் 71 பெற்று நிக்ரூமா மறுபடி வென்றார். 1957 மார்ச் 6 விடுதலை. நிக்ரூமாவின் வரலாற்றில் ஒரே ஒரு எண்ணை நினைவில் வைக்க வேண்டுமென்றால் அந்த 72 ஷில்லிங்கைத்தான் சொல்வேன். பின்னால் நடந்த அத்தனையும் அந்தப் பணத்தை நம்பித்தான் நடந்தது.

கேள்வி: அகோசொம்போ அணை வெற்றியா, வெட்டிச் செலவா?

வெற்றிதான், ஆனால் ஒப்பந்தம் தோல்வி. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வோல்டா ஆற்றின் குறுக்கே 1961-இல் வேலை தொடங்கி, 1966 ஜனவரி 22 அன்று திறந்தார். முதலில் நான்கு டர்பைன்கள், பிறகு ஆறு. பின்னால் வந்த நீர்த்தேக்கம் 8,500 சதுர கிலோமீட்டர், நாட்டின் பரப்பில் சுமார் 3.6 விழுக்காடு. கானாவின் வீடுகளில் விளக்கெரிய அடிப்படை போட்டது அதுவே.

மூலத்திட்டம் என்னவென்றால், கானாவின் அலுமினியத் தாதுவான பாக்சைட்டைத் தோண்டி, அங்கேயே அதை அலுமினா என்ற தூளாக்கி, அணை மின்சாரத்தில் அலுமினியம் உருக்குவது. ஆனால் அமெரிக்காவின் கைசர், ரெய்னால்ட்ஸ் நிறுவனங்கள் துறைமுக நகரான டேமாவில் உருக்காலை மட்டும் கட்டின; அலுமினாவைக் கப்பலில் கொண்டுவந்தன. மின்சாரம் யூனிட்டுக்கு ஒரு சென்ட்டில் கால் பங்குக்குச் சற்று மேல் (0.2625 சென்ட்), நீண்ட கால ஒப்பந்தம். ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 15,000 யூனிட் வேண்டும் என்றால், டன்னுக்கு மின்கட்டணம் 40 டாலர்கூட வராது. இப்படி ஒரு விலைக்கு ஏன் ஒத்துக்கொண்டார்? உலக வங்கியும் அமெரிக்காவும் கடன் கொடுக்க, நிரந்தரமாக மின்சாரம் வாங்கும் ஒரு பெரிய வாடிக்கையாளர் உத்தரவாதமாக நிற்க வேண்டும். உருக்காலையைத் தவிர அந்த அளவுக்கு வாங்க நாட்டில் யாரும் இல்லை. கைசருக்கு அது நன்றாகத் தெரியும்.

ஊர் இழந்தவர்கள் சுமார் 80,000 பேர். எழுநூறுக்கு மேற்பட்ட கிராமங்களை 52 புதிய ஊர்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்கு ஓர் அறை முடித்துக் கொடுத்து, மீதி அறைகளுக்கு அடித்தளம் மட்டும் போட்டார்கள். பணம் சேர்த்து நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்ற எண்ணம். இயந்திரம் வைத்துக் காடு திருத்தும் வேலை பிந்தியது. விதைக்க நிலமில்லாதவர் எதை வைத்து அறை கட்டுவார்? பலர் ஊரை விட்டே போய்விட்டார்கள். அசையாத நீரில் நத்தை பெருகி பில்ஹார்சியா நோயும் பரவியது. இந்த மக்களை நினைக்காமல் அணையின் புகழைப் பாட என்னால் முடியாது.

கேள்வி: அவர் சர்வாதிகாரியா? ஆதரவாளர்கள் கொலை முயற்சிகளைக் காரணம் காட்டுகிறார்களே.

கொலை முயற்சிகள் உண்மை. 1962 ஆகஸ்டில் குலுங்குகு கிராமத்தில் குண்டு வெடித்தது. 1964 ஜனவரியில் ஒரு காவலரே சுட்டார். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். விசாரணையின்றி ஐந்து ஆண்டு அடைக்கும் தடுப்புக்காவல் சட்டம் 1958-இலேயே வந்துவிட்டது. குண்டு வழக்கில் மூன்று முக்கியப் புள்ளிகளைத் தலைமை நீதிபதி ஆர்கு கோர்சாவின் அமர்வு 1963 டிசம்பரில் விடுவித்தது. நிக்ரூமா நீதிபதியையே பதவி நீக்கினார். அடுத்த மாதம் ஒரே கட்சி ஆட்சிக்கு வாக்கெடுப்பு. ஆதரவு 99.91 விழுக்காடு என்று அறிவித்தார்கள். 1954 முதல் எதிர்த்து நின்ற அசாந்தியில் ஒரு ‘வேண்டாம்’ வாக்குகூட இல்லையாம். யார் நம்புவார்? நிக்ரூமாவை ஊருக்கு அழைத்த கட்சியின் தலைவர்களில் ஒருவரான டான்குவா, 1965 பிப்ரவரியில் தடுப்புக்காவலிலேயே இறந்தார். ஆம், சர்வாதிகாரம்தான்.

கேள்வி: 1966 புரட்சியை சிஐஏ செய்ததா?

சதி நடப்பது அமெரிக்க அதிகாரிகளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதை அவர்களுடைய ஆவணங்களே காட்டுகின்றன, நடந்தபின் மகிழ்ந்தார்கள். ஆனால் துப்பாக்கி எடுத்த ராணுவ அதிகாரிகள் கோடோகா, அஃப்ரிஃபா, காவல்துறைத் தலைவர் ஹார்லி மூவருக்கும் சொந்தக் காரணங்கள் இருந்தன. அதிபரின் தனிக் காவல் படைக்குச் சலுகை, வழக்கமான ராணுவத்துக்குப் பற்றாக்குறை.

மக்கள் ஏன் தெருவில் ஆடினார்கள் என்பதற்கு மறுபடி கோகோவுக்கே வர வேண்டும். விலை நிற்கும் என்று நம்பி மரம் நட்டார்கள். 1964-65-இல் விளைச்சல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. உலகச் சந்தை நிரம்பி, 1965-இல் டன் 100 ஸ்டெர்லிங்குக்கும் கீழே சரிந்தது. விடுதலையின்போது கையிலிருந்த சுமார் 20 கோடி ஸ்டெர்லிங் சேமிப்பு கரைந்துவிட்டது. பால், சர்க்கரை, மாவு எதுவும் கடையில் இல்லை. பிப்ரவரி 24, அவர் பெய்ஜிங் வழியாக ஹனோய் போகும் பயணத்தில் இருந்தபோது வானொலியில் புரட்சிச் செய்தி வந்தது.

கேள்வி: காந்தியோடு தொடர்பு உண்டா?

உண்டு. ‘நேர்மறைச் செயல்’ என்பதைக் காந்தியின் ஒத்துழையாமையிலிருந்து எடுத்ததாக அவரே சொன்னார். பின்னாளில் ஆயுதப் போராட்டத்தின் பக்கமும் போனார்.

கேள்வி: கடைசிக் காலம் எங்கே?

கினியாவில். 1958-இல் பிரான்ஸ் கைவிட்ட அந்த நாட்டுக்கு நிக்ரூமா ஒரு கோடி ஸ்டெர்லிங் கடன் அறிவித்திருந்தார். கினியா அதிபர் சேகு தூரே அதை மறக்காமல் இவரை இணை அதிபராக அறிவித்தார். 1972 ஏப்ரல் 27, புகாரெஸ்டில் சிகிச்சையின்போது இறந்தார். முதலில் கினியாவில் அடக்கம், பிறகு சொந்த ஊர் நிக்ரோஃபுலில். 1992 முதல் அக்ராவில், அவர் விடுதலையை அறிவித்த அதே பழைய போலோ மைதானத்தில் இருக்கிறார்.