கேசிங் எறக்கற கிளாம்ப்புக்கு அமெரிக்காக்காரன் குறுக்க வந்துட்டான்: பட்டறை கேள்வி பதில்

கேள்வி: அண்ணா வணக்கமுங்க. நாங்க ரெண்டு ரிக்கு வண்டி ஓட்டறோம், கூடவே சின்னதா ஒரு லேத் பட்டறையும் இருக்குதுங்க. போர் போடறப்ப மேல்மண்ணு சரியாம இருக்க பிவிசி கேசிங் எறக்கறோமில்லைங்க, அதை கயிறு கட்டி கிளாம்ப்பு போட்டு நாலு பேரு புடிச்சு எறக்கறதுல பசங்களுக்கு கை நசுங்குது, சில சமயம் பைப்பே நழுவி உள்ள போயிருது. அதனால நம்ம பட்டறையிலயே மூணு ஆப்பு வெச்ச ஒரு வளையம் பண்ணுனோம், பைப்பு கீழ எறங்கப் பாத்தா ஆப்பு அதுவா இறுக்கிக்கும், சித்த மேல தூக்குனா விட்டுரும். பிவிசி கீறக்கூடாதுன்னு ஆப்போட உள்பக்கம் ரப்பர் ஒட்டியிருக்கோம், பைப்பு வெயிட்டு பத்தலைன்னு ஒரு ஸ்பிரிங்கும் போட்டுருக்கோம். ஒரு ஏஜெண்ட்டப் புடிச்சு பேட்டன்ட்டும் அப்ளை பண்ணியாச்சு. இப்ப எக்சாமினர்கிட்ட இருந்து லெட்டர் வந்திருக்குதுங்க, டி1, டி2ன்னு ரெண்டு அமெரிக்க பேட்டன்ட்டைக் காட்டி இன்வென்டிவ் ஸ்டெப் இல்லை, அதாவது தொழில் தெரிஞ்சவனுக்கு சுலபமாத் தோணறதுதான்னுட்டாங்க, பேட்டன்ட் சட்டத்துல செக்ஷன் 3(எஃப்) வேற குறுக்க நிக்குதாம். ரெண்டுமே எண்ணெய்க் கெணத்துக்கு கேசிங் எறக்கற சாமான், அதுல ஒண்ணு நூறு வருஷப் பழசு. நாங்க இங்க தண்ணி தேடறோம், அவன் எங்கயோ பெட்ரோல் தேடறான், ரெண்டும் எப்பிடிங்க ஒண்ணாகும்? ஏஜெண்ட்டு போனே எடுக்கறதில்லைங்க.
(ரிக் உரிமையாளர், திருச்செங்கோடு)

பதில்: தம்பி, மத்ததெல்லாம் அப்பறம், மொதல்ல லெட்டர்ல இருக்கற தேதியப் பாருங்க. அந்தத் தேதியிலருந்து 6 மாசத்துக்குள்ள பதில் போயாகோணும், முடியலைன்னா அந்த 6 மாசம் முடியறதுக்கு முன்னாடியே ஃபார்ம் 4 போட்டு பணம் கட்டுனா இன்னொரு 3 மாசம் வாங்கலாம். பொட்டாட்ட உக்காந்திருந்தா நீங்களே கைவிட்டதா செக்ஷன் 21ல கணக்குல எடுத்துக்குவாங்க. ஏஜெண்ட்டு போன் எடுக்கலைன்னா வேற ஆளுக்கு ஃபார்ம் 26ல அதிகாரம் எழுதிக் குடுங்க, அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல, அவரு கோவிச்சுக்குவாருன்னு எல்லாம் பாக்காதீங்க. இந்த மாதிரி மொத ஆட்சேபணை லெட்டரு கிட்டத்தட்ட எல்லாருக்குமே வரும், பெரிய கம்பெனிக்கும் வரும், அதை ரிஜெக்ட்டுன்னு நெனைக்க வேண்டாம்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். எக்சாமினர் தேடறப்ப "தண்ணி, எண்ணெய்"ன்னு பிரிச்சுத் தேடறதில்லைங்க. உலகம் பூரா பேட்டன்ட்டுகளை வகைப்படுத்தி வெச்சிருக்கற முறையில ஈ21பின்னு (E21B) ஒரு பிரிவு இருக்குது, பூமியைத் தொளைக்கறது, கெணத்துல இருந்து எண்ணெய், கேஸு, தண்ணி எடுக்கறது எல்லாம் ஒட்டுக்கா அந்த ஒரே பிரிவுக்குள்ளதான். அதுக்குள்ள 19ஆம் நம்பர் குரூப்புல பைப்பு, ராடு இதையெல்லாம் தூக்கறது, புடிக்கறது, மாட்டறது, கழட்டறது வரும், 19/10ன்னு போனா அச்சா உங்க ஆப்பு வளையமேதான், அவங்க பாஷையில ஸ்லிப்பு, ஸ்பைடரு. உங்க அப்ளிகேஷன் அங்க போய் விழுந்ததுமே பக்கத்துல அமெரிக்காக்காரன் நூறு வருஷமா போட்ட பேட்டன்ட்டு மலை மாதிரி இருக்கும், அதுல ரெண்டை எடுத்து முன்னாடி வெச்சுட்டாரு, அவ்வளவுதான். பேட்டன்ட்டு காலாவதி ஆயிருந்தாலும் அது ஊரறிஞ்ச விஷயங்கறது மாறாது, நூறு வருஷப் பழசுங்கறது உங்களுக்கு சாதகமே இல்லைங்க.

எண்ணெய்க் கெணத்துல என்ன பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டாத்தான் பதில் எழுத முடியும், அதனால சித்த விரிவாவே சொல்றேன். அங்கயும் தொளைச்சுட்டு கேசிங்தான் எறக்கறாங்க, ஆனா இரும்பு, அதுவும் பல கட்டமா, மேல 20 இன்ச்சு, அதுக்குள்ள 13⅜, அதுக்குள்ள 9⅝, அடியில 7ன்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணு. எறக்கி முடிச்சதும் பைப்பு உள்பக்கமா சிமென்ட்டுக் கரைசலை அமுக்கி, அடியில வெளிய வந்து பைப்புக்கும் பாறைக்கும் நடுவுல மேல ஏறி நிக்கற மாதிரி பண்றாங்க. அந்த சிமென்ட்டு கெணத்துக்குள்ள நிக்கற சேத்தோட கலந்துராம இருக்க முன்னாடி ஒரு அடைப்பு, பின்னாடி ஒரு அடைப்பு போடற முறைக்கு கலிபோர்னியாவுல பெர்கின்ஸ்ங்கறவரு 1911லயே பேட்டன்ட் வாங்கிட்டாரு. 9⅝ இன்ச்சு கேசிங் சாதாரணமா அடிக்கு 47 பவுண்டு வெயிட்டு, 40 அடி பைப்பு ஒண்ணு 850 கிலோ பக்கம் வந்துரும், 10,000 அடி தொங்குச்சுன்னா காத்துல 210 டன்னுக்கு மேல. அத்தனை வெயிட்டையும் புடிச்சு நிறுத்தறது என்னன்னு நெனைக்கறீங்க, அந்த ஆப்புங்கதான், உள்பக்கம் அரம் மாதிரி பல்லு வெச்சிருக்கும், பைப்பு எறங்க எறங்க பல்லு கடிக்கும், வெயிட்டு கூடக் கூட புடி இறுகும். இப்பெல்லாம் டாப் டிரைவுல (ரிக்கு மேல தொங்கற சுழற்றற மோட்டாரு) மாட்டி ஒரே மிஷினே பைப்பைப் புடிச்சு திருகி எறக்கறதும் வந்துருச்சு, ஆனா புடிக்கற தத்துவம் பெரும்பாலும் அதே ஆப்புதான்.

ஆக "ஆப்பு வெச்சா அதுவா இறுகும்"ங்கறதை மட்டும் நீங்க உரிமை கேட்டிருந்தா எக்சாமினர் சொன்னது நியாயம், சண்டை போட்டு பிரயோஜனமில்ல. ஆனா நீங்க கடைசியில போற போக்குல எழுதுன ரெண்டு விஷயம் இருக்குது பாருங்க, ரப்பரும் ஸ்பிரிங்கும், உங்க சரக்கே அங்கதான் இருக்குதுங்க! அவங்களோட இரும்பு பல்லை எடுத்து பிவிசியில போட்டா பைப்பு கீறும், அழுத்தம் ஒரே எடத்துல விழுந்து வெடிச்சாலும் வெடிக்கும். அதைவிட முக்கியம், அவங்களுக்கு வெயிட்டு டன் கணக்குல தொங்கறதால ஆப்பு தானா உக்காருது, உங்களுக்கு ரெண்டு பேரு தோள்ல தூக்கற பைப்பு, அந்த வெயிட்டுக்கு ஆப்பு உக்காரவே உக்காராது. அப்ப டி1ஐ அப்படியே எடுத்து பிவிசிக்குப் போட்டா வேலை செய்யாது. லேசான, கீறக்கூடாத பைப்பை வழுக்காமப் புடிக்கறதுதான் நீங்க தீர்த்த பிரச்சினை, அதுக்கு ஸ்பிரிங் மொதல்ல ஆப்பை உக்கார வெக்குது, ரப்பரு உராய்வு குடுக்குது, அப்பறம் பைப்போட வெயிட்டு மிச்சத்தைப் பாத்துக்குதுன்னு எழுதோணும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். ரப்பரை மட்டும் நம்பாதீங்க. 13 சதவீதம் குரோமியம் இருக்கற கேசிங் பைப்புல கீறல் விழுந்தா அங்கருந்து அரிப்பு ஆரம்பிக்கும்னு எண்ணெய்க் கம்பெனிக்காரங்களே கீறாத புடிப்பு நெறைய பண்ணி வெச்சிருக்காங்க. எக்சாமினர் ஹியரிங்ல அதுல ஒண்ணை எடுத்து டி3ன்னு வெச்சா நீங்க முழிக்கக்கூடாது. அதனால ரப்பர் தடிமன், ஆப்போட சாய்வுக் கோணம், ஸ்பிரிங் எந்தப் பக்கம் தள்ளுது, மூணும் எப்படி ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்குதுங்கறதை ஒட்டுக்கா கிளைம் 1க்குள்ள, அதாவது இதுக்குத்தான் உரிமை வேணும்னு கேக்கற மொத வாக்கியத்துக்குள்ள கொண்டு போங்க. கிளைம் சின்னதாப் போகுதேன்னு வருத்தப்படாதீங்க, சின்ன கிளைம் கெடைச்சா போதும், பெரிய கிளைம் வெறும் பேப்பரு. 3(எஃப்)க்கும் பதில் இதுலயே வந்துருது, ஏன்னா அந்தப் பிரிவு சொல்றது தெரிஞ்ச சாமான்களைப் பக்கத்துல பக்கத்துல அடுக்கி வெச்சு, அதது தனித்தனியா அதது வேலையைப் பாத்துக்கிட்டிருந்தா கெடையாதுங்கறது. உங்களுதுல ஸ்பிரிங் இல்லாம ஆப்பு உக்காராது, ஆப்பு இல்லாம ரப்பருக்கு வேலை இல்ல.

ஆனா இதெல்லாம் நீங்க மொதல்ல குடுத்த ஸ்பெசிஃபிகேஷன்ல (கண்டுபுடிப்பை விவரிச்சு எழுதிக் குடுத்தது) இருந்தாகோணும், இன்னிக்கே எடுத்துப் படிச்சுப் பாருங்க, ஏஜெண்ட்டு என்ன எழுதுனாருன்னு பாக்காமயே கையெழுத்துப் போடறவங்கதான் நம்ம பக்கம் ஜாஸ்தி. செக்ஷன் 59 படி இல்லாததைப் புதுசா சேக்க முடியாது, கிளைமை அகலப்படுத்தவும் முடியாது, குறுக்கலாம், விளக்கலாம், அவ்வளவுதான். ஸ்பிரிங் பத்தி அதுல ஒரு வரிகூட இல்லைன்னா, இன்னும் வெளிய யாருக்கும் காட்டாம இருந்தா, அதுக்கு தனியா அப்ளிகேஷன் போடறதைப் பத்தி புது ஏஜெண்ட்டுகிட்ட கேளுங்க.

அப்பறம் கிளைம்ல "பைப்பை இறுக்கிப் புடிக்கும் சாதனம்"னு மொட்டையா எழுதியிருந்தா மாத்துங்க. 1946ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுல ஹாலிபர்டன் கம்பெனிக்கும் வாக்கருங்கறவருக்கும் ஒரு கேஸு, எண்ணெய்க் கெணத்துக்குள்ள சத்தம் அனுப்பி எதிரொலியை வெச்சு உள்ள இருக்கற திரவ மட்டம் எவ்வளவு ஆழத்துல இருக்குதுன்னு கண்டுபுடிக்கற கருவி. அதுல புதுசா இருந்த பாகத்தை அது என்ன வேலை செய்யும்னுதான் எழுதியிருந்தாங்க, அது எப்படி இருக்கும்னு எழுதலை, அதுலயே அந்த கிளைம் செல்லாமப் போச்சு. அப்பறம் 1952ல அவங்க சட்டத்தையே மாத்துனாங்க, அது வேற கதை. நமக்கு வேண்டியது என்னன்னா புதுசா இருக்கற எடத்துலதான் வடிவத்தை நல்லா எழுதோணும், எல்லாரும் பண்ணியிருக்கற வளையத்தைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிட்டு ஸ்பிரிங்கை ஒரு வார்த்தையில முடிக்கக்கூடாது.

நாலு ஆளு வேலையை ரெண்டு ஆளு பாக்கறாங்கன்னு எழுதுங்க, சட்டத்துல பொருளாதார முக்கியத்துவம்னு ஒரு வார்த்தை இருக்குது, உதவும், ஆனா அது மட்டும் நிக்காது, தொழில் தெரிஞ்சவனுக்கு சுலபமாத் தோணியிருக்காதுங்கறதையும் சேத்து நிரூபிக்கோணும். பதில் போயும் திருப்தி இல்லைன்னா ஹியரிங் வெப்பாங்க, பெரும்பாலும் வீடியோவுலயே முடிஞ்சிரும், சென்னை கிண்டி வரைக்கும் வண்டி கட்டிட்டுப் போக வேண்டியதில்ல. ஹியரிங் முடிஞ்சு 15 நாளுக்குள்ள சொன்னதை எழுத்துல குடுத்தரோணும். டிரில்லர் பசங்க இரும்பு பல்லு வெச்ச கிளாம்ப்பு போட்டு உடைஞ்ச பிவிசி துண்டு ஏதாச்சும் கெடந்தா ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கங்க, நூறு வரி வாதத்தைவிட அது பேசும்.

கேள்வி: ராடு மாத்தற சாமான் ஒண்ணு பண்ணி போன வருஷமே பத்து வண்டிக்காரங்களுக்கு வித்துட்டேனுங்க. யூடியூப்லயும் போட்டுருக்கேன். இப்ப பேட்டன்ட் போடலாமுங்களா?
(வாசகர், சங்ககிரி)

பதில்: போனது போனதுதானுங்க. வித்ததும் வீடியோ போட்டதும் அது புதுசு இல்லைங்கறதுக்கு உங்களுக்கு எதிரான சாட்சி, எக்சாமினர் கண்டுபுடிக்கலைன்னாலும் போட்டிக்காரன் கண்டுபுடிச்சு எதிர்ப்பு போடுவான், பேட்டன்ட் குடுக்கறதுக்கு முன்னாடியும் போடலாம், குடுத்ததா பேட்டன்ட் ஆபீஸ் பத்திரிகையில வந்து ஒரு வருஷத்துக்குள்ளயும் போடலாம். கோவை கொடிசியா கண்காட்சியில ஸ்டால் போடப் போறவங்களுக்கும் சேத்து சொல்றேன், கண்காட்சியில வெச்சா ஒரு வருஷம் டைம் இருக்குதுன்னு ஒருத்தருக்கொருத்தரு சொல்லிக்கறாங்க, அந்தச் சலுகை மத்திய அரசு கெஜட்ல அறிவிச்ச கண்காட்சிக்கு மட்டும்தான். ஸ்டாலுக்கு பேனர் அடிக்கற காசுக்கு ஒரு புரொவிஷனல் (முழு விவரம் இல்லாத மொத அப்ளிகேஷன்) போட்டுறலாம், தனிநபருக்கு ஆன்லைன்ல 1600 ரூவா ஃபீஸு, அதுலருந்து 12 மாசத்துக்குள்ள முழு ஸ்பெசிஃபிகேஷன் குடுத்தா போதும். உங்க சாமான்ல இதுக்கப்பறம் ஏதாச்சும் மாத்தியிருந்து அதை இன்னும் யாருக்கும் காட்டலைன்னா, அந்த மாத்தத்துக்கு மட்டும் யோசிக்கலாம்.

கேள்வி: லேத்துல ஜாப்பு (கடையற பொருள்) புடிக்கறதுக்கு சின்னதா ஒரு மாத்தம் பண்ணுனேன், டைம் பாதியா கொறையுது. இதுக்கெல்லாம் குடுப்பாங்களா?
(லேத் பட்டறை, கணபதி, கோவை)

பதில்: நீங்க கேக்கறதுக்கு நம்ம சுப்ரீம் கோர்ட்டே 1978ல பதில் சொல்லியிருக்குது, அதுவும் லேத்து கேஸேதான். மிர்சாப்பூர்ல பாத்திரம் பண்ற ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், பாத்திரத்தை லேத்துல புடிச்சு கடையற அமைப்புக்கு பேட்டன்ட் வாங்கியிருந்தாங்க, பிஸ்வநாத் பிரசாத் தரப்பு எதிர்த்தாங்க, கடைசியில இது பட்டறையில சாதாரணமாப் பண்ற மேம்பாடு, கண்டுபுடிப்பு இல்லைன்னு தீர்ப்பாச்சு. டைம் கொறையறது மட்டும் பத்தாது, அனுபவமுள்ள டர்னர்கிட்ட உங்க பிரச்சினையைச் சொன்னா அவரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள அதே வழியைச் சொல்லிருவாரான்னு யோசிச்சுப் பாருங்க. ஜெர்மனி, சைனாவுல சின்ன மாத்தத்துக்குன்னு தனியா யூட்டிலிட்டி மாடல் இருக்குது, நம்மகிட்ட அது கெடையாது, நம்மள மாதிரி பட்டறை ஊருக்கு அது இல்லாதது நஷ்டம்தான்னு எனக்குத் தோணுது. வெளித்தோற்றம் புதுசா இருந்தா டிசைன் பதிவு பண்ணலாம், 10 வருஷம், அப்பறம் 5 வருஷம் நீட்டிக்கலாம்.

கேள்வி: கையில தேங்கா வெச்சு நீரோட்டம் பாக்கறேன், தப்புனதே இல்ல. பேட்டன்ட் கெடைக்குமா?
(வாசகர், காங்கேயம்)

பதில்: பாரம்பரிய அறிவுன்னு செக்ஷன் 3(p)லயே கதவைச் சாத்திருவாங்க அய்யா. தப்புனதே இல்லைன்னா பேட்டன்ட் எதுக்குங்க, பணத்தை அப்படியே வாங்கிக்கலாமே!

கேள்வி: நம்மூரு ரிக்கு ஆப்பிரிக்காவுக்கெல்லாம் போகுது. இங்க பேட்டன்ட் வாங்குனா அங்கயும் செல்லுமுங்களா?
(வாசகர், ராசிபுரம்)

பதில்: செல்லாதுங்க, அந்தந்த நாட்டுக்கு தனித்தனி. இங்க போட்ட தேதியிலருந்து 12 மாசத்துக்குள்ள பிசிடின்னு ஒரு சர்வதேச அப்ளிகேஷன் போட்டா, எந்த நாட்டுக்குப் போறதுன்னு முடிவெடுக்க மொத தேதியிலருந்து சாதாரணமா 30 மாசம் வரைக்கும் அவகாசம் கெடைக்கும். கென்யா, தான்சானியா ரெண்டும் அரிப்போங்கற (ARIPO) ஆப்பிரிக்க நாடுகளோட பேட்டன்ட் கூட்டமைப்புல இருக்கறதால ஒரே அப்ளிகேஷன்ல ரெண்டையும் குறிப்பிடலாம். இங்க போடாம நேரா அங்க போயிராதீங்க, இந்தியாவுல குடியிருக்கறவங்க இங்க மொதல்ல போட்டு 6 வாரம் பொறுக்கோணும், இல்லைன்னா ஃபார்ம் 25ல அனுமதி வாங்கோணும். வெளிநாட்டு ஃபீஸு, அங்கத்த ஏஜெண்ட்டு செலவு எல்லாம் டாலர்ல வரும், அங்க எத்தனை வண்டி ஓடுது, எவன் காப்பி அடிக்கப் போறான்னு கணக்குப் போட்டுட்டு அப்பறமா எறங்குங்க.