பள்ளியோடு நின்றுவிடும் கேலிக்

மேடம்,

கிளாஸ்கோவில் 11 வருடமாக இருக்கிறேன். கணவர் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்காரர், தாய்மொழி கேலிக். பிள்ளைகள் இருவரையும் (வயது 9, 6) கேலிக் வழிப் பள்ளியில் சேர்த்ததே நான்தான். ஆனால் வீட்டில் அவர் ஆங்கிலம்தான் பேசுகிறார். கேட்டால், "பார்க்கலாம்" என்பார். நாயிடம் மட்டும் கேலிக்கில் கொஞ்சுவார்! போன மாதம் பெரியவளின் வீட்டுப்பாடத்தில் அவர் எழுதிக்கொடுத்ததில் எழுத்துப்பிழை. புத்தகத்தைக் காட்டித் திருத்தினேன். அன்றிலிருந்து நோட்டையே தொடுவதில்லை. சின்னவன் பாட்டியிடம் 'ஷிவ்' (நீங்கள்) என்று சொல்லாமல் 'ஊ' (நீ) என்று பேசிவிட்டான். சொல்லித்தர வேண்டியவர் சும்மா இருந்தார். ஞாயிறுதோறும் தன் அம்மாவோடு போனில் அரைமணி நேரம் கேலிக்கில் பேசுகிறார் (நான் அறைக்குள் போனால் ஸ்பீக்கரில் இருவரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், மரியாதைக்காகத்தான், அது பரவாயில்லை). பெற்ற பிள்ளைகளிடம் மட்டும் ஏன் பேசக் கூடாது? எல்லாவற்றையும் நான் ஒருத்தியே இழுக்க வேண்டுமா?

– வாசகி, கிளாஸ்கோ

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் முழுக்கக் கணவரைப் பற்றி எழுதிவிட்டு, உங்களைப் பற்றி அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 11 வருடமாக, நீங்கள் கதவைத் திறந்ததும் ஒரு பேச்சு அறுந்துபோகிறது. அது பரவாயில்லை என்று நான் நம்பவில்லை. பிள்ளைகளுக்கு அந்த மொழி வந்துவிட்டால் அவர்களோடு நாமும் உள்ளே போய்விடலாம் என்று ஏங்கியிருக்கிறீர்கள். ஏக்கம் நியாயமானது. ஆறு வயதுக் குழந்தையை அதற்கு அனுப்புவதுதான் சரியில்லை.

கேலிக் பேசுபவர்கள் நடுவே தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்தால் மொத்தப் பேச்சும் ஆங்கிலமாகிவிடும். தலைமுறைகளாக வரும் இந்த நாகரிகம்தான் பல வீடுகளில் மொழியை அடுப்படியிலிருந்து வெளியேற்றியது. கேலிக் வழி வகுப்புகள் 1985-லேயே தொடங்கிவிட்டன. இருந்தும், லூயிஸ் அடங்கிய மேற்குத் தீவுகளில் 2011-ல் பாதிக்குமேல் இருந்த பேசுவோர் 2022-ல் 45 சதவீதம் ஆனார்கள். வீடு கைவிட்டதைப் பள்ளி முழுதாக ஈடுகட்ட முடியவில்லை. உங்கள் வீட்டில் 'தெரியாத அந்த ஒருவர்' நீங்கள்தான். உங்கள் முன்னால் பிள்ளைகளிடம் கேலிக் பேசினால் உங்களை ஒதுக்கியதுபோல் ஆகுமோ என்று அவர் தயங்கலாம். நாயிடம் அந்தச் சங்கடம் இல்லை.

நோட்டு விஷயத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். வீட்டில் கேலிக், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்களில் பலருக்குப் பேச்சு தண்ணீராக வரும், எழுதத்தான் கூச்சம். அந்தக் கூச்சத்தை மகள் முன்னால் கிளறிவிட்டீர்கள். எழுத்து பள்ளியின் பொறுப்பாக இருக்கட்டும். அவரிடம் பேச்சை மட்டும் கேளுங்கள்.

வரும் ஞாயிறு அறைக்குள் போய் உட்காருங்கள். மாறினால், "குமிவ் ஓரிவ்" என்று சொல்லுங்கள். 'தொடருங்கள்' என்று பொருள். மாமியாருக்குரிய 'ஷிவ்' மரியாதையும் அதற்குள்ளேயே இருக்கிறது. பழக்கதோஷத்தில் இரண்டே நிமிடத்தில் மறுபடி ஆங்கிலம் வரும். மறுபடி சொல்லுங்கள். புரியாததை அங்கேயே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், பேச்சு அறுவது அந்த இடத்தில்தான்.

வீட்டில் சாப்பாட்டு வேளை ஒன்று போதும். "அ வேல் அன் டக்ரஸ் ஓர்ஸ்ட்?" என்றால் 'பசி உன்மேல் இருக்கிறதா?' என்று கேட்பது. ஆம், இல்லை என்ற தனிச்சொற்கள் கேலிக்கில் கிடையாது. வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும்: "ஹா", இருக்கிறது. 'வந்தாயா?' என்றால் 'வந்தேன்' என்று பதில் சொல்லி வளர்ந்த உங்களுக்கு இது கஷ்டமில்லை. அந்தக் கேள்வியை அவர் முதலில் உங்களிடம் கேட்கட்டும்.